புராஸ்டேட் வீக்க மருந்துகள்: பாதுகாப்பான பயன்பாடு

புராஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. வயது ஏற ஏற அது பெருத்துக் குழாயை நெருக்கும். சிறுநீர் மெல்லிதாகவும் விட்டுவிட்டும் போகும். இரவில் பலமுறை எழ நேரும். இந்த வீக்கம் புற்றுநோயன்று. ஆனால் மருந்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருப்பதால், அதைச் சாப்பிடும் முறை மிகவும் முக்கியமானது.

மருந்துகளில் இரண்டு வகை பெரிதும் வழக்கில் உள்ளன. டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான்கள் சுரப்பியின் தசைகளைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே நீர் இறங்குவது எளிதாகும். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியையே சுருக்குகின்றன. டொமினிக்கன் குடியரசில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களுக்கு புராஸ்டேட் வாழ்நாள் முழுவதும் சிறிதாகவே இருப்பதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டனர். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மருந்தின் முழுப்பயன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஒரு மாதத்தில் பலனில்லை என்று நிறுத்துவோர், பயன் தொடங்குமுன்பே அதைக் கைவிடுகிறார்கள்.

ஆல்ஃபா தடுப்பான்களின் முதன்மையான ஆபத்து எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிக் கிறுகிறுப்பது. முதல் சில நாட்களிலும் அளவைக் கூட்டும்போதும் இது அதிகம். பல்லடத்தை அடுத்த பொங்கலூர் போன்ற ஊர்களில் விசைத்தறிக் கூடத்திலும் தென்னந்தோப்பிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்யும் முதியோர் கோடையில் வியர்த்து நீரிழக்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் மயங்கி விழக்கூடும். படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். உடல் பழகும் வரை ஏணி ஏறுவதையும் வண்டி ஓட்டுவதையும் தவிர்ப்பது நல்லது. இரவில் எழாதிருக்கப் பகலிலும் தண்ணீரைக் குறைப்பது தவறு. மாலைக்குப் பின் அளவாகக் குடித்தால் போதும்.

டாம்சுலோசினை நாள்தோறும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி கழித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரத்தத்தில் அதன் உச்ச அளவு 40 முதல் 70 விழுக்காடு வரை கூடும்; கிறுகிறுப்பும் கூடும். ஷிப்ட் மாறும் பனியன் கம்பெனித் தொழிலாளி எந்தச் சாப்பாட்டோடு அதைச் சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். கேப்சூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. பல நாள் விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்டே மீண்டும் தொடங்க வேண்டும். சில மருந்துகளைக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை எதிர்பாராத தீங்கு செய்வது. அதிலுள்ள குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் போன்றவை நீரை அடைத்துவிடக்கூடும். ஆண்மைக் குறைவுக்குச் சீட்டின்றி வாங்கும் சில்டெனாஃபில், ஆல்ஃபா தடுப்பானோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைச் சரிக்கும். கூச்சத்தால் இதை மறைப்போர் பலர். சிலோடோசின் சாப்பிடும்போது விந்து வெளிவராமல் போவது உண்டு. அது உடலுக்குக் கேடில்லை. நெருஞ்சில் கஷாயம் குடிப்பவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கண்புரை அறுவைக்கு முன், ஆல்ஃபா தடுப்பான் சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் சொல்வது இன்றியமையாதது. டாம்சுலோசின் சாப்பிட்டவர்களின் கருவிழித்திரை அறுவையின்போது தளர்ந்து அலைவதை 2005இல் சாங், கேம்பெல் என்ற மருத்துவர்கள் விவரித்தனர். மருந்தை நிறுத்தினாலும் இந்த விளைவு நீடிக்கக்கூடும். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற முறையைக் கையாள்வார். கிராமத்துக் கண் முகாம்களுக்குச் செல்லும் முதியவர்கள் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போக வேண்டும்.

ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும், புராஸ்டேட் புற்றுநோயை அறிய உதவும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையின் அளவை ஏறத்தாழ ஆறு மாதத்தில் பாதியாக்கும். இது தெரியாத மருத்துவருக்குப் புற்றுநோயின் முன்குறி புலப்படாமல் போகலாம். வீட்டிலுள்ள கருவுற்ற பெண்கள் நொறுங்கிய ஃபினாஸ்டரைடு மாத்திரையையும் கசியும் டூட்டாஸ்டரைடு கேப்சூலையும் தொடக் கூடாது. வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். டூட்டாஸ்டரைடை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை இரத்த தானம் கூடாது.

கடையில் பெயர்க் குழப்பம் சகஜம். யூரிமேக்ஸ் என்பதில் டாம்சுலோசின் மட்டும் உண்டு. யூரிமேக்ஸ்-டி டூட்டாஸ்டரைடும் சேர்ந்தது. கடைசி எழுத்தை விட்டால் வேறு மருந்து கைக்கு வரும். வெவ்வேறு மருத்துவர் எழுதிய இரண்டு பிராண்டுகளிலும் டாம்சுலோசினே இருந்து, ஒருவர் அதை இருமடங்காகச் சாப்பிட நேரலாம். அட்டையிலுள்ள மூலப்பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பதே தீர்வு. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேறு பெயரில் தந்தாலும் இதே சோதனை போதும்.

சிறுநீர் அறவே நின்று அடிவயிறு வலியோடு உப்பினாலும், நீரில் இரத்தம் தென்பட்டாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைக் கூட்டிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. நீர் அடைப்பு அவசர நிலை. குழாய் செலுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளையும் உடன் கொண்டு போக வேண்டும்.