எலும்பு கூறும் உணவு வரலாறு

வரலாறு என்றவுடன் அரசரும் அவர்தம் போர்களுமே நம் நினைவில் எழுகின்றன. அந்நாளில் ஏர் பிடித்தவன் என்ன உண்டான் என்பதை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. எழுத்தறிந்தோர் அரண்மனையையும் மடத்தையும் சார்ந்து வாழ்ந்தனர். ஆதலின் ஏடுகளிற் காணப்படுவது பெரும்பாலும் பெரிய வீட்டுப் பந்தியே. ஆயினும், ஏட்டில் இடம்பெறாதவனும் தன் உணவின் கணக்கைத் தன் எலும்பிலே விட்டுச் சென்றிருக்கிறான். அக்கணக்கைப் படிக்கும் வழியை இரசாயனம் இன்று நமக்குக் காட்டியுள்ளது.

அவ்வழி யாதெனப் பார்ப்போம். உண்ட உணவே உடலாகின்றது. உணவிலுள்ள காபன், நைதரசன் ஆகிய மூலகங்களிற் பாரங்குறைந்த அணுக்களும் பாரங்கூடிய அணுக்களும் உள. இவற்றைச் சமதானிகள் என்பர். பயிரைவிட அதனை மேய்ந்த பசுவிலும், பசுவைவிட அதன் இறைச்சியை உண்ட மனிதனிலும் பாரங்கூடிய நைதரசனின் விகிதம் படிப்படியாக உயரும். கடல்மீனை மிகுதியாக உண்டவனிடத்துப் பாரங்கூடிய காபனும் மிகும். எலும்பிலுள்ள கொலாசன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து இவ்விகிதங்களை அளந்தால், அவன் உண்ட உணவின் தன்மை ஒருவாறு புலப்படும்.

இம்முறை இங்கிலாந்தின் பழைய கதையொன்றைத் திருத்தியுள்ளது. வெசெக்ஸ் நாட்டை 688 முதல் 726 வரை ஆண்ட இனே மன்னனின் சட்டத்திலே, குடிகள் அரசனுக்கு அளிக்கவேண்டிய உணவுப் பட்டியல் ஒன்று உண்டு. 300 பாண், 2 மாடுகள் அல்லது 10 ஆட்டுக்கடாக்கள், 10 வாத்து, 20 கோழி, 10 பாற்கட்டி, 5 சமன் மீன், 100 விலாங்கு என அது நீளுகின்றது. இத்தகைய பட்டியல்களைக் கண்டோர், அரசரும் பிரபுக்களும் நாள்தோறும் இறைச்சியே உண்டனர் என்றும், உழவர் தானியத்தோடு நின்றனர் என்றும் எண்ணினர்.

எலும்புகளோ வேறு சொல்லின. 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே அடக்கம் செய்யப்பட்ட 2,023 பேரின் அளவுகளைத் திரட்டிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. கல்லறைப் பொருள்கள் முதலியவற்றால் உயர்ந்தோர் எனத் தெரிந்தவர்க்கும் எளியோர்க்கும் இடையே, ஊனுணவில் வேறுபாடு காணப்படவில்லை. எல்லோருமே பெரும்பாலும் தானியத்தை நம்பி வாழ்ந்தனர். அப்பட்டியல் நாளாந்த உணவன்று. எப்போதாவது நிகழ்ந்த பெருவிருந்துக்குரியது என்பது ஆய்வாளர் கருத்து. அவ்விருந்தை அளித்த உழவரும் அரசனோடு உடனிருந்து உண்டனர் என அவர் கொள்வர்.

இந்நிலை என்றும் நிலைக்கவில்லை. 1485இல் பொஸ்வேத் போரில் மடிந்த மூன்றாம் றிச்சேட் மன்னனின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்ரர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழ்க் கிடைத்தது. தொடையெலும்பு நீண்ட காலத்தின் கணக்கையும், விலாவெலும்பு இறுதிச் சில ஆண்டுகளின் கணக்கையும் வைத்திருக்கும். இரண்டையும் 2014இல் ஒப்பிட்டோர், முடிசூடியபின் அவன் உணவு மாறியதைக் கண்டனர். நன்னீர் மீனும் காட்டுப் பறவைகளும் திராட்சை மதுவும் மிகுந்தன என்பது அவர் முடிவு. ஈராண்டு அரசாட்சி அவன் விலாவெலும்பிற் பதிந்துவிட்டது!

எலும்பும் எல்லாவற்றையும் சொல்லாது. இறைச்சியுண்டவனையும் பாலும் பாற்கட்டியும் உண்டவனையும் இம்முறையாற் பிரித்தறிதல் அரிது. ஏடு சொல்லாததை எலும்பு சொல்லும். எலும்பு சொல்லாததற்கு ஏடு வேண்டும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதே வரலாற்றாசிரியன் கடமை.

இளைஞர்களே! எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று முழு உண்மையாகிவிடாது. எழுதியவர் யார், எழுதப்படாதவர் யார் எனக் கேட்டுப் பழகுங்கள். பெயரும் அறியாத உழவனுக்கும் வரலாற்றிலே ஓரிடம் உண்டு. ஆயிரம் ஆண்டு கழிந்தேனும் அவன் சாட்சியைக் கேட்பது நம் கடன்.