பிரேசிலின் பன்னாட்டு வேளாண் ஒத்துழைப்பு

வெப்பமண்டல நிலங்களில் பயிர்செய்து தான் கற்ற அறிவை ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளோடு பகிர்ந்துகொள்ளப் பிரேசில் அரசு கடைப்பிடித்துவரும் கொள்கையும், அதன்வழி நடந்த திட்டங்களும் இத்தலைப்பில் அடங்கும். வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் 1987இல் அமைந்த பிரேசில் ஒத்துழைப்பு முகமை இப்பணியை ஒருங்கிணைக்கிறது. களத்தில் பெரும்பகுதி வேலையைச் செய்வது 1973இல் தொடங்கப்பட்ட அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா. பணத்தை நேரடியாகக் கொடுப்பது இதன் வழக்கம் அன்று. ஆய்வாளர்கள் போவார்கள், விதை போகும், பயிற்சி நடக்கும். கேட்கும் நாட்டுக்கே உதவி, அந்த உதவிக்கு அரசியல் நிபந்தனை இல்லை என்பது அறிவிக்கப்பட்ட நெறி. குடியரசுத் தலைவர்களின் பயணங்களும், உலக வணிக வழக்குகளும், உள்நாட்டு அமைச்சகங்களின் போட்டியும் சேர்ந்து இக்கொள்கைக்கு வடிவம் கொடுத்தன.

செராடோ

பிரேசிலின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 20 கோடி ஹெக்டேர் பரப்பில் விரிந்த சவன்னா நிலம் செராடோ. அதன் செம்மண் ஆழமானது; ஆனால் அமிலத்தன்மை மிகுந்தது. அலுமினியம் வேரைக் கருக்கும், பாஸ்பரஸ் மிகக் குறைவு. 1970கள்வரை அதை மேய்ச்சலுக்கு மட்டுமே உகந்ததென்று விட்டுவைத்திருந்தார்கள். எம்ப்ராப்பாவும் பல்கலைக்கழகங்களும் அங்கே முதலில் செய்தது சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டு மண்ணைத் திருத்தியது. அடுத்த தடை சோயா மொச்சை. குளிர்நாட்டுப் பகலின் நீளத்துக்குப் பழகிய அந்தப் பயிர், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க வளருமுன்பே பூத்துவிடும். தாமதமாகப் பூக்கும் ரகங்களை உருவாக்கியே அதை வடக்கே கொண்டுபோனார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குச் சேர்க்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஜொஹானா டோபெரெய்னர் செய்த ஆய்வு, சோயாவுக்குத் தழைச்சத்து உரமே ஏறக்குறையத் தேவையில்லாமல் செய்தது. செராடோவைத் திறந்த பணிக்காக அலிசன் பாவுலினெல்லி, எட்சன் லொபாட்டோ, அமெரிக்க மண்ணியலாளர் காலின் மெக்ளங் ஆகிய மூவரும் 2006இல் உலக உணவுப் பரிசு பெற்றனர்.

இந்த வெற்றி பிரேசிலின் தனி உழைப்பில் மட்டும் விளைந்ததன்று. மேய்ச்சல் நிலங்களை நிரப்பிய பிராக்கியாரியா புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நெல்லூர் என்ற பெயரில் இன்று நாடெங்கும் நிற்கும் வெள்ளை மாடுகள் ஆந்திரக் கடற்கரையின் ஓங்கோல் இனத்தின் வழிவந்தவை. நிதியில் ஜப்பானுக்குப் பெரும் பங்குண்டு. 1973இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியபோது திகைத்த ஜப்பான், வேறு விளைநிலம் தேடிச் செராடோவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரதமர் தனாகா பிரேசிலுக்குச் சென்றார். செராடோவைப் பண்படுத்த இரு நாடுகளும் சேர்ந்து 1979இல் தொடங்கிய புரோடெசெர் திட்டம் 2001வரை நடந்தது. கொடுப்பதற்கு முன் பல காலம் வாங்கிய நாடு என்பதை மறந்தால் பிரேசிலின் ஒத்துழைப்பு விளங்காது. விலையும் சிறிதன்று: செராடோவின் இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறக்குறையப் பாதி அழிந்துவிட்டது.

வெளியே சென்ற எம்ப்ராப்பா

முதலில் எம்ப்ராப்பா பணக்கார நாடுகளுக்குத்தான் போனது, கற்பதற்காக. 1998இல் அமெரிக்காவிலும் 2002இல் பிரான்சின் மோன்பெலியே நகரிலும், அந்நாட்டு ஆய்வகங்களுக்குள்ளேயே தன் அறிவியலாளர்களை அமர்த்தி ஆராயும் லாபெக்ஸ் என்ற ஏற்பாட்டைச் செய்தது. தனிக் கட்டடம் எழுப்பாமல் மூத்த ஆய்வாளர்களை மட்டும் அனுப்பிய இந்த முறை சிக்கனமானது. மற்ற வளரும் நாடுகளும் பின்பற்றத்தக்கது.

2003இல் லூலா குடியரசுத் தலைவராகப் பதவிக்கு வந்தபின் பார்வை ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது. கானாவின் தலைநகர் அக்ராவில் எம்ப்ராப்பாவுக்கு அலுவலகம் வந்தது. 2010 மே மாதம் ஆப்பிரிக்க வேளாண் அமைச்சர்களைப் பிரேசிலியாவுக்கு அழைத்து உணவுப் பாதுகாப்பு குறித்து ஒரு கலந்துரையாடலை அரசு நடத்தியது. உள்நாட்டுக்கென்று அமைக்கப்பட்ட நிறுவனம் அயல்நாட்டில் இயங்கச் சட்டத்தில் இடமில்லாதிருந்ததால், 2011இல் அதற்கெனச் சட்டத்தையே திருத்தினார்கள்.

பருத்தி

பிரேசிலின் ஒத்துழைப்பில் மிகத் தெளிவாக வேர்பிடித்தது பருத்தித் திட்டம். அதன் தொடக்கம் ஒரு வழக்கு. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குத் தரும் மானியம் உலக விலையை வீழ்த்துகிறது என்று 2002இல் உலக வணிக அமைப்பில் பிரேசில் முறையிட்டது. அதே மானியத்தால் நொடிந்துகொண்டிருந்த பெனினும் சாட்டும் மூன்றாம் தரப்பாக அதில் சேர்ந்தன. பிரேசில் வென்றது. பதிலடி வரி விதிக்கும் உரிமை கிடைத்ததும் அமெரிக்கா 2010இல் உடன்பாட்டுக்கு வந்து, ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014இல் 30 கோடி டாலரோடு வழக்கு முடிந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஆப்பிரிக்கப் பருத்திக்கும் செலவிட உடன்பாட்டில் வழியிருந்தது.

பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளுக்கான திட்டம் 2009இல் மாலியின் சொத்துபா ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு தொடங்கியது. பின்னர் டோகோவும் இணைந்தது. பிரேசில் ரகங்களை அங்கே விதைத்துப் பார்த்தார்கள், பூச்சி மேலாண்மையைக் கற்பித்தார்கள், ஆய்வகத்தைப் புதுப்பித்தார்கள். உழாமல் மூடாக்கின்மேல் விதைக்கும் முறைதான் சிக்கலானது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாள், கோடையில் ஊர் மாடுகளுக்கான தீவனம். அதை மண்ணுக்கு விட்டுவைக்க உழவரிடம் உபரி இல்லை. இப்படிப்பட்ட சிக்கல்களை உள்ளூர் ஆய்வாளர்களோடு அமர்ந்து ஆராய இடமிருந்ததே இத்திட்டத்தின் வலிமை.

இரண்டு அமைச்சகங்கள்

பிரேசிலில் வேளாண் அமைச்சகம் பெரும்பண்ணைகளையும் ஏற்றுமதியையும் பார்த்துக்கொள்ள, குடும்ப விவசாயத்துக்கென 1999 முதல் வேளாண் மேம்பாட்டு அமைச்சகம் என்று தனியே ஒன்று இயங்கியது. இரண்டும் தத்தம் வேளாண்மையை அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்தன. குடும்ப விவசாயத் தரப்பின் சிறந்த கொடை, சிறு விவசாயிகளிடமிருந்து அரசே விளைபொருளை வாங்கிப் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் தரும் ஏற்பாடு. உள்நாட்டில் 2003இல் தொடங்கிய இது, 2012 முதல் எத்தியோப்பியா, மலாவி, மொசாம்பிக், நைஜர், செனகல் ஆகிய ஐந்து நாடுகளில் ஐ.நா. உணவு அமைப்புகளின் துணையோடு சோதிக்கப்பட்டது. உலக உணவுத் திட்டத்தோடு சேர்ந்து 2011இல் பிரேசிலியாவில் அமைத்த பசிக்கு எதிரான மையம், பள்ளி உணவு பற்றிப் பல நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தது. அதே குடும்ப விவசாயத் தரப்பு, கடனில் பிரேசில் டிராக்டர்களை ஆப்பிரிக்காவுக்கு விற்கும் திட்டத்தையும் நடத்தியது. அதில் உதவி எங்கே முடிந்து வணிகம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

புரோசவானா

2009 செப்டம்பரில் பிரேசில், ஜப்பான், மொசாம்பிக் மூன்றும் புரோசவானா திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. மொசாம்பிக்கின் வடக்கே நகாலா வழித்தடத்தில் 1.4 கோடி ஹெக்டேர் பரப்பைச் செராடோபோல் மாற்றுவது நோக்கம். பணமும் கட்டமைப்பும் ஜப்பானுடையவை, தொழில்நுட்பம் பிரேசிலுடையது. அட்சரேகை ஒத்தது, சவன்னாவும் ஒத்தது. ஒவ்வாதது மக்களின் வாழ்வு. நம்புலாவிலும் நியாசாவிலும் சாம்பேசியாவிலும் சிறு உழவர்கள் மரவள்ளியும் சோளமும் பயிரிட்டு, மண் களைத்ததும் சில ஆண்டுகள் தரிசு போடுவார்கள். வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது அந்தத் தரிசுதான். மொசாம்பிக்கில் நிலம் அரசுக்குச் சொந்தம் என்றாலும், வழிவழியாகப் பயிரிடுவோரின் உரிமையைப் பத்திரம் இல்லாமலே 1997ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஏற்கிறது. 2011இல் அந்நாட்டு வேளாண் அமைச்சரோ 60 லட்சம் ஹெக்டேரைப் பிரேசில் விவசாயிகளுக்கு ஐம்பதாண்டுக் குத்தகைக்குத் தரத் தயார் என்று பிரேசில் நாளிதழிடம் சொன்னார்.

2012 அக்டோபரில் மொசாம்பிக் தேசிய உழவர் ஒன்றியம் எதிர்ப்பை அறிவித்தது. 2013 மே மாதம் உழவர் அமைப்புகள் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதின. பெருந்திட்ட வரைவு கசிந்ததும், நிலம் பறிபோகும் என்ற அவர்களின் அச்சம் உறுதியாயிற்று. பிரேசிலின் உழவர் இயக்கங்களும் ஜப்பானியத் தன்னார்வ அமைப்புகளும் அவர்கள் பக்கம் நின்றன. சிறு விவசாயிகளுக்கான திட்டமாக அதைத் திருத்த எடுத்த முயற்சிகள் நம்பிக்கையை மீட்கவில்லை. 2020 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது.

செராடோவும் 1970களில் வெற்றிடமாக இருக்கவில்லை. பழங்குடியினரும், அடிமைத்தளையிலிருந்து தப்பியோரின் வழிவந்தவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். அன்று ராணுவ ஆட்சி என்பதால் அவர்கள் குரல் எடுபடவில்லை. மொசாம்பிக்கில் எழுந்த குரலைப் பின்னடைவு என்று பதிவது தவறு. திட்டம் கேட்கத் தவறிய கேள்வியை உழவர்களே கேட்டார்கள்.

சரிவும் மீள்தொடக்கமும்

பொருளாதார நெருக்கடியில் நிதி சுருங்கியது. 2016 ஆட்சி மாற்றத்தில் வேளாண் மேம்பாட்டு அமைச்சகமே கலைக்கப்பட்டது. 2023இல் லூலா திரும்பி வந்ததும் அது மீண்டும் உயிர்பெற்றது. 2024 நவம்பரில் ரியோவில் நடந்த ஜி20 மாநாட்டில், பசிக்கும் வறுமைக்கும் எதிரான உலகக் கூட்டணியைப் பிரேசில் தொடங்கிவைத்தது. இந்தப் புதிய முயற்சியில் அமைச்சர்கள் கையெழுத்திடும் முன்பே அந்தந்த நாட்டு உழவர் சங்கங்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். சுண்ணாம்பும் விதையும் பற்றிப் பிரேசிலுக்குத் தெரியாதது குறைவு. நகாலாவில் அது செய்யாமல் விட்டது உழவரோடு பேசுவதைத்தான்.