நவச்சாரம் சொல்லும் சாட்சி

1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தோன்றியது. தறியோசை கேட்டு வளர்ந்த மேலப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி இன்னும் சற்று அருகில் வந்தது. தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளின் இரசாயனச் சோதனைக்கூடங்களில் தொடக்க மாணவர் கைக்குத் தரப்படுவது பெயர் சொல்லப்படாத ஒரு வெண்பொடி. இஃது என்ன உப்பு என்பதே வினா.

சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்குகிறோம். பொடி உருகாமலே ஆவியாகி, மேலே வெண்படலமாகப் படிகிறது. நம் வைத்தியர்கள் நவச்சாரம் என்றும் அரபியர் நூஷாதிர் என்றும் அழைத்த பொருளோ? ஐயம் எழலாம்; முடிவு கூடாது. பாதரச உப்புகள் சிலவும் இவ்வாறே பதங்கமாகும். ஆகவே சுண்ணாம்பு சேர்த்து மீண்டும் சூடாக்குகிறோம். மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகிறது. அம்மோனியாதான்! எனினும் பாதி விடையே கிடைத்தது. மறுபாதி குளோரைடா என்பதை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சொல்ல வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸி, பாதரசம், கந்தகம் ஆகியவற்றோடு நவச்சாரத்தையும் 'அர்வாஹ்', அதாவது ஆவிகள், என ஒரே வகுப்பில் வைத்தார். நிறத்தை நோக்கியன்று, தீயில் அவை நிலைக்காமல் எழுந்து செல்வதை நோக்கி.

நம் பதிவேடுகளோ வேறு விதம். மூத்த மாணவரின் ஏட்டைப் பார்த்து முடிவை முதலில் எழுதி, கண்டதைப் பின்னர் நிரப்பியவர்கள் நாம். படலம் படியாத நாளிலும் 'வெண்படலம் தோன்றியது' என்றே எழுதினோம். மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைத்தது.