நிற்க இயலாத பாவைகள்

கல்லில் வடித்த உருவம், அதை வடித்த மக்கள் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கிறது. அம்மக்களின் மொழி அழிந்துபோகலாம். அவர்களுடைய பெயரும் மறந்துபோகலாம். உருவம் மட்டும் மண்ணுக்கடியில் கிடந்து, ஒரு நாள் அந்நியர் கைக்கு வந்து சேர்கிறது. அப்போது அது யாருக்காகப் பேசுகிறது? வடித்தவர்களுக்காகவா, கண்டெடுத்தவர்களுக்காகவா? இக்கேள்வியைச் சிந்திக்க, ஏஜியன் கடலில் கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான சைக்லாடிக் தீவுகளின் பளிங்குப் பாவைகள் நல்லதொரு வாய்ப்பு. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலைக்கு அவை ஊட்டம் தந்தன. அக்கலை வளர்த்த ரசனையாலேயே அவை பெரும் இழப்புக்கும் உள்ளாயின.

பளிங்கில் பிறந்த பெண்கள்

கி.மு. 3200 முதல் கி.மு. 2000 வரையிலான காலத்தில் நாக்சோஸ், பாரோஸ், அமோர்கோஸ் முதலிய தீவுகளில் வாழ்ந்தவர்கள் எழுத்தறியாத மக்கள். பயிரிட்டும், ஆடு வளர்த்தும், மீன் பிடித்தும், துடுப்புப் படகுகளில் தீவுக்குத் தீவு சென்று பண்டம் மாற்றியும் வாழ்ந்தனர். வெண்பளிங்கு அவர்களுக்கு வீட்டு வாசலில் கிடைத்த செல்வம். உலோகக் கருவிகள் அரிதாயிருந்த அந்நாளில், நாக்சோசில் கிடைக்கும் கடினமான குருந்தக் கல்லின் பொடியாலும், எரிமலை உமிழ்ந்த நுரைக்கல்லாலும் பளிங்கைத் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொடுத்தனர். ஒரு பாவைக்குப் பின்னே எத்தனை நாள் பொறுமை இருந்திருக்க வேண்டும்!

யாழ் மீட்டும் ஆண் உருவங்கள் சில உண்டெனினும், பாவைகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களே. பல, ஒரு சாண் அல்லது ஒரு முழ அளவினவை. அமோர்கோசில் கிடைத்து ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றோ 1.52 மீட்டர் உயரம். ஏறத்தாழ ஒரு பெண்ணின் உயரமே. மார்புக்குக் கீழே கட்டிய கைகள். பின்னோக்கிச் சற்றே சாய்ந்த தலை. மூக்கைத் தவிர வேறு எதுவும் செதுக்கப்படாத முகம். கீழ்நோக்கி நீண்ட பாதங்கள். இப்பாதங்களால் அவை தாமாக நிற்க மாட்டா. பல பாவைகள் கல்லறைகளில் இறந்தோரின் அருகே கிடத்தப்பட்டிருந்தன.

இகழ்ச்சியிலிருந்து புகழ்ச்சிக்கு

1883-84இல் ஆங்கிலேயரான தியடோர் பென்ட் ஆன்டிபாரோஸ் தீவின் கல்லறைகளைத் தோண்டினார். 1898-99இல் கிரேக்க அறிஞர் கிறிஸ்டோஸ் சூண்டாஸ் நூற்றுக்கணக்கான கல்லறைகளை ஆராய்ந்து, இம்மக்களின் வாழ்வுமுறைக்குச் சைக்லாடிக் நாகரிகம் எனப் பெயர் சூட்டினார். எனினும், செவ்வியல் கிரேக்கச் சிற்பங்களையே அழகின் அளவுகோலாகக் கொண்டிருந்த அக்கால அறிஞர் பலர், இப்பாவைகளை நாகரிகமற்றோரின் அருவருப்பான கைவேலை என்றே கருதினர்.

அடுத்த தலைமுறையில் பார்வை மாறியது. பாரிசுக்கு வந்த ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசி 1910இல் ‘உறங்கும் கலைமகள்’ என்னும் தலையை வடித்தார். உடலின்றிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் அத்தலையிலும், மொதிலியானி 1911-12ஆம் ஆண்டுகளில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய நீண்ட முகங்களிலும் சைக்லாடிக் பாவைகளின் சாயலை ஆய்வாளர்கள் காண்கின்றனர். கேரோஸ் தீவில் கிடைத்த பெரிய பளிங்குத் தலையொன்று, அவர்கள் வாழ்ந்த பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடம் பெற்றிருந்தது. இங்கிலாந்தின் ஹென்றி மூர் 1920களில் மாணவராக இருந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தொல்சிற்பங்களையே தம் ஆசிரியராகக் கொண்டார். அங்கிருந்த சைக்லாடிக் பாவைகளின் எளிமையைப் பிற்காலத்திலும் போற்றினார். அலங்காரங்களைக் களைந்து, கல்லின் உண்மைக்குத் திரும்ப விழைந்தவர்களுக்கு அவ்வெண்ணிற மௌனம் ஒரு வழிகாட்டியாயிற்று.

ஆனால், அவர்கள் போற்றிய வெறுமை முழுவதும் பாவைகளுக்கு உரியதன்று. பல பாவைகளின் மேல் சிவப்பு, நீல வண்ணங்களின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கண்கள், புருவம், கூந்தல், கன்னத்துப் புள்ளிகள், கழுத்தணிகள் எனப் பலவும் தீட்டப்பட்டிருந்தன. சில பாவைகளில் வண்ணம் மீண்டும் மீண்டும் பூசப்பட்டதாகவும் தெரிகிறது. காலம் வண்ணத்தைத் துடைத்தது. எஞ்சிய வெண்மையைத் தூய அழகு என நவீன உலகம் கொண்டாடியது. படுத்திருந்தவற்றை இரும்புக் கம்பிகளால் தாங்கிப் பீடங்களில் நிற்கவும் வைத்தது.

அன்பு செய்த அழிவு

கலைஞரின் மதிப்பு செல்வந்தரின் ஆசையாயிற்று. பாவைகளின் விலை ஏற ஏற, தீவுகளில் இரவோடிரவாகக் கல்லறைகள் தோண்டப்பட்டன. கேரோஸ் தீவு 1950களிலும் 1960களிலும் கொடுமையாகச் சூறையாடப்பட்டது. போலிகளும் சந்தைக்கு வந்தன. டேவிட் கில், கிறிஸ்டோபர் சிப்பின்டேல் ஆகிய தொல்லியலார் 1993இல் வெளியிட்ட ஆய்வு கசப்பான உண்மையைக் கூறிற்று. அறியப்பட்ட பாவைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு, அவை கண்டெடுக்கப்பட்ட சூழல் பற்றிய நம்பத்தக்க பதிவு இல்லை.

இதில் இழப்பு என்ன என்று சிலர் கேட்கலாம். பாவைதான் பத்திரமாக இருக்கிறதே! ஆனால், எக்கல்லறையில், யாருடைய எலும்புகளுக்கருகில், எப்பாண்டங்களோடு அது இருந்தது என்பதை அறிந்தாலன்றி, அது தெய்வமா, மூதாதையா, இறந்தவரின் துணையா எனச் சொல்ல இயலாது. ஒரு தாயின் கையிலிருந்த செபமாலையும் கடைக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள செபமாலையும் மணிகளால் வேறுபடுவதில்லை. அவற்றைச் சூழ்ந்த வாழ்வால் வேறுபடுகின்றன. அச்சூழலைக் கொள்ளையர் மண்வெட்டியால் அழித்தனர். அவர்களை ஏவியதோ அழகின் மேல் கொண்ட அன்பு.

கேரோஸ் சொன்ன செய்தி

கொள்ளையர் விட்டுச்சென்ற மண்ணிலிருந்தே பெரியதொரு வெளிச்சம் பிறந்தது. 2006 முதல் 2008 வரை பேராசிரியர் காலின் ரென்ஃப்ரூ தலைமையில் கேரோசில் நடைபெற்ற அகழாய்வில், கலைக்கப்படாத புதைவிடம் ஒன்று வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான பாவைத் துண்டுகளும், உடைந்த பளிங்குக் கலங்களும் அங்கே குவிந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்த முயன்றபோது, மிகப் பெரும்பாலானவை பொருந்தவில்லை. உடைந்த இடங்களில் உதிரும் பளிங்குச் சில்லுகளும் அங்கில்லை. ஆகவே, பாவைகள் வேறு தீவுகளில் வேண்டுமென்றே உடைக்கப்பட்டு, ஒரு துண்டு மட்டும் படகில் ஏற்றிக் கேரோசுக்குக் கொணரப்பட்டது என்னும் முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். பல தலைமுறைகளாகப் பல தீவினர் ஓரிடத்திற்குப் பயணம் வந்து, தங்கள் உடைவுகளை அங்கே அடக்கம் செய்திருக்கின்றனர்.

உடையாத பாவையைத் தேடி உலகம் விலை பேசிக்கொண்டிருந்தது. வடித்த மக்களுக்கோ உடைந்த துண்டும் புனிதமாயிருந்தது.

மக்களிடம் திரும்பும் கல்

நவீன சிற்பிகளைக் குற்றவாளிகளாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மூரின் வாழ்விலேயே மாற்றுப் பாதை ஒன்றைக் காண்கிறோம். வால்டர் ஹஸ்ஸி என்னும் ஆங்கிலிக்கன் குரு, நார்தாம்ப்டன் நகரின் புனித மத்தேயு ஆலயத்திற்கு அன்னை மரியாவும் குழந்தை இயேசுவும் வேண்டுமெனக் கேட்டார். தாய்-சேய் உருவங்களைப் பலமுறை செதுக்கியிருந்த மூர், உடனே துணியவில்லை. எந்தத் தாயும் சேயுமாகவும் இருக்கக்கூடிய உருவம், மரியாவும் இயேசுவுமாவது எப்படி என்று அவர் தமக்குள் வினவினார். 1944இல் அச்சிலை திறந்து வைக்கப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. எனினும் அது அங்கேயே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் தொல்கலையிடம் கற்ற கை, செபிக்கும் ஒரு மக்களுக்காகக் கல் செதுக்கியது.

நம் காலத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் இன்னொரு வழியைத் தேர்ந்தார். 1995இல் ஹான் அரசமரபுக் காலத்துத் தாழி ஒன்றைக் கைநழுவ விட்டு உடைப்பதை மூன்று நிழற்படங்களாக்கி உலகைத் திகைக்க வைத்தவர் அவர். 2016இல் ஏதென்ஸ் சைக்லாடிக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த அவரது கண்காட்சிக்கென, பழம் பாவைகளின் பாணியில் ஒரு பளிங்கு உருவம் செய்தார். அதன் கைகள் கட்டியிருக்கவில்லை. தாழியை நழுவவிட்ட அதே நிலையில் விரிந்திருந்தன. பழமையைப் போற்றுவதாகச் சொல்லும் நாம் எதை உடைத்திருக்கிறோம் என்று அவ்விரிந்த கைகள் கேட்பதாகக் கொள்ளலாம். 2015இல் மட்டும் 8,50,000க்கும் மேற்பட்டோர் கடல்வழியே கிரேக்க நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்திருந்தனர். அத்துயரும் அக்கண்காட்சியின் பொருளாயிற்று. பாவைத் துண்டுகளைச் சுமந்த அதே ஏஜியன் கடல், இப்போது சிதைந்த குடும்பங்களைச் சுமந்தது.

பாவைகளின் வழக்கும் முடிந்துவிடவில்லை. அமெரிக்கச் செல்வந்தர் ஒருவரின் சேகரிப்பிலிருந்த 161 தொல்பொருள்கள் கிரேக்க நாட்டுக்கே உரியவை என 2022இல் உடன்பாடு ஏற்பட்டது. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை 2024 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு உள்ளன. இவ்வேற்பாட்டைக் கிரேக்கத் தொல்லியலார் பலர் எதிர்த்தனர். பொருள் திரும்பினாலும், அது கிடந்த கல்லறையின் கதை திரும்பப்போவதில்லை.

உருவங்களை நேசிப்பவர்கள் நாம். அவற்றுக்கு மாலை சூட்டுகிறோம்; தேரில் ஏற்றுகிறோம்; பழையன கண்டால் வியக்கிறோம். அந்நேசம் உருவத்தோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை இத்தீவுகள் காட்டுகின்றன. ஒரு பாவையின் முன் நின்று, இது எவ்வளவு அழகு என்று வியப்பது எளிது. இதைக் கையில் ஏந்தி அழுதவர் யார் என்று கேட்பதே அதற்கு நாம் செய்யக்கூடிய நீதி.