கரையைக் காத்த சீமை

சென்ற வாரம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வாரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாலாற்றை ஒட்டி மேற்கே செங்கல்பட்டுக்குப் போகலாம்.

சென்னையிலிருந்து தெற்கே வரும் ரயில் பரனூரைத் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி விரிகிறது. கோடையிலும் தண்ணீர் நிற்கும் ஏரி என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். செங்கல்பட்டுக் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மதிலையும் பீரங்கியையும் பேசுவார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஏரியை நம்பித்தான். ஒரு பக்கம் ஏரி, மற்றப் பக்கங்களில் சேறும் நஞ்சையும். படையெடுத்து வருகிறவன் முழங்கால் சேற்றில் இறங்காமல் மதிலை நெருங்க முடியாது.

1751இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே ஆங்கிலத் தளபதி கிளைவ், கோவளக் கோட்டையைப் பிடித்த கையோடு இங்கே வந்து மீட்டார். 1758இல் சென்னையை முற்றுகையிடப் போன பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடிக்காமலே கடந்து போனார். பின்னால் விட்டுவிட்டுப் போன இந்தக் கோட்டை அவருக்குக் கடைசிவரை தொல்லையாக இருந்தது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடிவந்தார். சண்டைகளின் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவை எத்தனையோ புத்தகங்களில் இருக்கின்றன. அந்தச் சண்டைகளில் உடைந்த ஏரிக்கரைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை.

இந்தச் சீமையின் வானத்தைப் புரிந்துகொண்டால்தான் அதன் வரலாறு பிடிபடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1200 மில்லிமீட்டர் மழை. குறைவான மழை அல்ல. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் கொட்டிவிடும். அதிலும் பெரும்பங்கு சில புயல் நாட்களில். மீதி மாதங்களில் ஆடி, ஆவணியில் சில மாலைகளில் இடியோடு பெய்வதைத் தவிர வேறில்லை. பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாறு. நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிந்து கடலில் முடிகிறது. விழுந்த மழையைத் தடுத்து நிறுத்தாவிட்டால் ஓரிரு நாளில் அது வங்கக் கடலில் இருக்கும்.

ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறைபோல் ஒரு மண்கரை போட்டார்கள். கரைக்குக் கீழே மதகு. மதகுக்குக் கீழே நஞ்சை. ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, வரத்துக்காலில் ஓடி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படியே கழிமுகம் வரை ஒரு சங்கிலி. இதில் ஓர் ஊர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. மேலூர்க்காரன் கலங்கலை உயர்த்தினால் கீழூர் வயல் காயும். மேலூர்க் கரை நள்ளிரவில் உடைந்தால் அந்த வெள்ளம் கீழே இருக்கும் ஒவ்வொரு கரையையும் உடைத்துக்கொண்டு வரும். ஊருக்கு ஊர் பேசித் தீர்க்கவேண்டிய கட்டாயத்தை மழையே உண்டாக்கியது. இந்தப் பகுதியின் குடிமை வாழ்க்கை அங்கேதான் பிறந்தது என்பது என் எண்ணம்.

உத்திரமேரூரை எல்லோரும் குடவோலைக்காக நினைவில் வைத்திருக்கிறோம். 1997 வரை அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி அந்த ஊரின் உயிர். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத்தான் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் பயிற்சி வேண்டும் என்று நிபந்தனைகள். அது பிராமணர்களின் சபை. அந்த ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சபையின் ஒழுங்கை வியக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மாமல்லபுரத்துக்கு நீர்ப்பிரச்சினை வேறு மாதிரி. முன்னால் கடல், பின்னால் உப்பங்கழி. ஆனாலும் கரையோர மணல்மேடுகள் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும். கொஞ்சம் தோண்டினால் தித்திப்பான தண்ணீர் வரும். அளவோடு எடுத்தால் வற்றாது, அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். அந்த ஊரின் மிகப் பெரிய சிற்பத்தொகுதி அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கிவருவதா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் மேலேறுவதும், மேலே தொட்டி கட்டித் தண்ணீர் விழச் செய்ததற்கான தடயங்களும் இருக்கின்றன. ஏரிகளின் நாட்டை ஆண்டவர்கள் வானத்து நீர் மண்ணுக்கு வருவதைக் கல்லில் கொண்டாடியிருக்கிறார்கள் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

இனிக் கும்பினி காலம். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் மானியமாக, கொடுத்தார். கையில் வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறக்குறைய 2000 ஊர்கள். ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய விவரங்கள் அதன் அடித்தளம். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, யாருக்கு எவ்வளவு மானியம், களத்தில் நெல் அளக்கும்போது யார் யாருக்கு மேரை என்ற பங்கு போகிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. விளைச்சல் அரசுக்கும் குடிக்கும் பிரிவதற்கு முன்பே ஊர்ப் பணிகளுக்கான பங்கு களத்திலேயே ஒதுக்கப்பட்டது. கோயில், தச்சர், கொல்லர், தலையாரி, மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி, ஏரி பராமரிப்பு எல்லாம் அந்தப் பங்கில் அடங்கும். அதாவது ஏரிக்குப் பணம் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. அது நீர் கொடுத்த விளைச்சலில் அதற்கென்று ஒரு பங்கு இருந்தது.

பர்னார்டு அளந்து முடித்த ஆறே ஆண்டில் ஐதரின் குதிரைப்படை வந்தது. ஊர்கள் எரிந்தன, மக்கள் சிதறினார்கள், பார்க்க ஆளின்றிக் கரைகள் சரிந்தன. 1794இல் ஜாகீர் கலெக்டராக வந்த லியோனல் பிளேஸ் ஏரிகளைச் சரிசெய்வதில் இறங்கினார். அவர் பெயரை மதுராந்தகம் இன்னும் சொல்கிறது. உத்தம சோழனின் மதுராந்தகன் என்ற பெயரைத் தாங்கிய அந்த ஏரி இன்றைய மாவட்டத்தில் மிகப் பெரியது. 694 மில்லியன் கன அடி கொள்ளும். 1798இல் ஒரு புயல் இரவில் கரை உடையப் போகிறது என்று பார்க்கப் போன பிளேஸ், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதைக் கண்டார் என்பது ஊர்க் கதை. ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சன்னதியைக் கட்டித் தந்தவர் அவர் என்று சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ராமனையே கரைக்குக் காவல் வைத்த ஊரில், கரை உடையும் பயம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதே பிளேஸ் வரி வசூலில் ஈவிரக்கம் பார்க்காதவர். காணியாட்சி என்ற பரம்பரை நில உரிமையில் கைவைத்தபோது, அதை வைத்திருந்த பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் ஊரைக் காலி செய்து எதிர்த்தார்கள். அவர் ஏரிகளைக் கட்டியது வருவாய்க்காகத்தான். கட்டியதும் உண்மை, கசக்கியதும் உண்மை.

பிறகு நடந்ததுதான் பெரிய சேதம். களத்தில் பிரிந்த பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக அரசின் கணக்கில் சேர்ந்தன. ஏரி பொதுப்பணித் துறைக்குப் போனது. 1858இல் வந்த சென்னை மாகாணச் சட்டம், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவர்களுக்குத் தண்டம் விதிக்க வழிசெய்தது. பங்கை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் எந்த ஊர் வரும்? இருபதே ஆண்டில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாமல்லபுரத்துக்குப் பின்னால் நீளும் பக்கிங்காம் கால்வாயில் சென்னையை ஒட்டிய ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. கால்வாய்க்குப் பெயர் மட்டும் அன்றைய ஆளுநருடையது.

ஏரி யாருடையது என்பதற்குப் பின்னால் நிலம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. அதை அரசாங்கத் தாளில் எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891இல் அவர் எழுதிய குறிப்பு, பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருப்பதையும், கூலி கேட்டால் வீட்டைவிட்டு வெளியேற்றுவார்கள் என்ற அச்சத்திலேயே அவர்கள் வாழ்வதையும் சொன்னது. தரிசு நிலத்தை அவர்கள் கேட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற விதி குறுக்கே நின்றது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதி பிறந்த அரசாணைதான் அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு மூலம். நூறு ஆண்டு கழித்து, 1994 அக்டோபர் 10ஆம் தேதி, மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு கலெக்டரின் குறிப்பில் தொடங்கிய விஷயம், அதே ஊர்த் தெருவில் ரத்தம் சிந்தும் வரை தீராமல் இருந்தது.

இடையில் அதே செங்கல்பட்டில் இன்னொன்றும் நடந்தது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதே என்றும், பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு கொடு என்றும் அங்கே தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமையைச் சட்டமாக்க 1989 வரை ஆயிற்று. வயலில் நட்டும் அறுத்தும் வந்த கைகளுக்கு அந்த வயலில் பங்கு என்ற பேச்சு, காணியாட்சியில் ஊறிய இந்த மண்ணில் எழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் ஏரிச் சங்கிலிக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றின் தலைமாட்டில் இருக்கும் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. சங்கிலியின் கண்ணிகளில் மனைப்பிரிவு போட்டிருந்தோம். தண்ணீர் தன் பழைய வழியில் போயிற்று. மாமல்லன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று அந்த மணிமங்கலம். 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியதும் அங்கேதான். தூர்வாரினார்கள், கரை போட்டார்கள். ஆனால் களத்து மேரைபோல ஆண்டுதோறும் ஏரிக்கென்று வந்துசேரும் ஒரு நிலையான பங்கு ஊரின் கையில் இன்னும் வரவில்லை. கொளவாய்க்கும் இதே நிலைமைதான். ஊரின் கழிவுநீர் அதில் கலக்கிறது, திட்டங்கள் வருகின்றன, திட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்பது எந்தத் தாளிலும் தெளிவாக இல்லை.

2019 நவம்பர் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதன் கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 2013லும் 2024லும் திறக்கப்பட்டன. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. 2025 மார்ச் பட்ஜெட்டில் திருப்போரூர் அருகே கோவளம் வடிநிலத்தில் 1.6 டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கம் ஒன்றை அரசு அறிவித்தது. வெள்ளத்தைத் தேக்க இடம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கழிவெளியின் உப்பு நீரில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. இருளர் பெண்கள் பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது இந்தக் கழிகளில்தான். நல்ல நீர் தேங்கினால் தங்கள் தொழில் போய்விடும் என்று மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. உத்திரமேரூர் ஏரி வாரியத்தில் மண் சுமந்தவர்களுக்கு இடமில்லை. இந்தப் புதிய ஏரிக்கு ஒரு வாரியம் அமையுமானால் அந்த இருளர் பெண்களுக்கும் மீனவர்களுக்கும் அதில் இடம் வேண்டும், அதுவும் கரை போடுவதற்கு முன்பே.

(தொடரும்)