அன்னபூரணி அம்மாள்: ஆவணமும் கடலோடிகளின் நினைவும்

சரக்குக் கப்பல்களில் உழைத்தோரின் நினைவுகளும் வரலாற்றுச் சான்றாகத் தக்கவை என்பதற்கு ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்மரக் கப்பல் தக்க எடுத்துக்காட்டாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற இக்கப்பலை அமெரிக்கக் கடற்பயணி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என மாற்றிப் பெயரிட்டார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் சூயஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர்.

அமெரிக்க ஆவணங்களில் புதுப்பெயர் நிலைபெற்றது. கடலோடிகளின் ஊரிலோ பழம்பெயரே இன்றளவும் வழங்குகிறது. கப்பலைக் கட்டியோரையும் செலுத்தியோரையும் மறதியினின்று காத்தது இவ்வாய்மொழி மரபே. எனவே, முதிய கடலோடிகள் மறைவதற்கு முன் அவர்தம் நினைவுகளைத் தொகுத்தல் தமிழாய்வாளரின் உடனடிக் கடமை எனலாம்.