ஒருத்தர் செய்த தப்பு... மொத்த டீமும் காலி! ஆன்லைன் கேமில் 'எய்ம்பாட்' என்றால் என்ன?

2018 அக்டோபர். சீனாவின் ஷாங்காய் நகரில் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி. வியட்நாம் அணியுடன் மோதிக்கொண்டிருந்தது 'ஆப்டிக் இந்தியா'. பாதி ஆட்டத்தில் ஒரு இந்திய வீரரின் கம்ப்யூட்டரை நிர்வாகிகள் சோதித்தனர். அதில் 'வேர்ட்' என்ற பெயரில் ஒளிந்திருந்தது எய்ம்பாட்.

எய்ம்பாட் என்ன செய்யும்?

துப்பாக்கிக் குறியை எதிராளி மீது தானாகவே நகர்த்தும் சாஃப்ட்வேர் இது. குறி பார்க்கும் திறமையே தேவையில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

அணி உடனே தகுதி நீக்கம். அந்த வீரரை வெளியேற்றிய நிர்வாகம், டீமையே கலைத்தது. இ-ஸ்போர்ட்ஸ் முறைகேடுகளை விசாரிக்கும் சர்வதேச அமைப்பு அவருக்கு 5 ஆண்டு தடை விதித்தது. புகாரில் சிக்காத மற்ற 4 பேரும் அணியை இழந்தனர்.

நீங்க என்ன செய்யலாம்?

உங்க ஸ்க்வாடில் யாராவது 'ஹேக்' போட்டால், 'ஜெயிக்கிறோமே' என்று சும்மா இருக்காதீங்க. ரிப்போர்ட் பண்ணுங்க. அதேநேரம், தோற்ற கோபத்தில் நல்லா ஆடுபவரை எல்லாம் 'ஹேக்கர்' என்று திட்டுவதும் தப்புதான். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட் போதும், சண்டை வேண்டாம். நேர்மையாகத் தோற்றால், எதிரணிக்கு ஒரு 'ஜிஜி' சொல்லிட்டு அடுத்த மேட்சுக்குப் போங்க. 'நல்ல ஆட்டம்' என்பதுதான் அதன் அர்த்தம்.